நோயில்பூசுதல் மரணப்படுக்கைக்கு மட்டும் உரியதன்று

கத்தோலிக்கத் திருச்சபையில் குரு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளமான (திருச்சடங்கான) நோயில்பூசுதலை, இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குச் செய்யும் கடைசிச் சடங்கு என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் குறிப்பிட்டிருப்பதைத் திருத்த வேண்டும். உங்களுள் ஒருவர் நோயுற்றிருந்தால் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்றே விவிலியத்தின் யாக்கோபு திருமுகம் (5:14) கூறுகிறது. நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெற உரிய காலம் வந்துவிடுகிறது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவுபடுத்தியது. நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கே சிறப்பாக உரியது, இறுதிப் பயணத்துக்கான வழியுணவாக வழங்கப்படும் நற்கருணைதான் (கிறிஸ்துவின் திருவுடலாக உட்கொள்ளும் அப்பம்).

எங்கள் தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில், சாமியார் வீட்டுக்கு வந்தால் அப்பா பயந்துவிடுவார் என்று பிள்ளைகள் நாளைத் தள்ளிப்போட, நினைவு தப்பிய பிறகே குருவுக்கு உதவும் உபதேசியாரைத் தேடி ஆள் ஓடுவதை இன்றும் காண்கிறோம். அன்பினால் வரும் அச்சமே அது. ஆயினும், குருவிடம் தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும், நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்படும்போது தம் வாயாலேயே 'ஆமென்' என்று சொல்லவும் நோயாளிக்குள்ள வாய்ப்பை அது பறித்துவிடுகிறது என்பது எனக்குப் பெரும் வேதனை.

வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவரும் எண்ணெயை வீட்டார் தடவிவிடுவது நல்ல பக்தி முயற்சியே. ஆனால் அது இந்த அருளடையாளம் ஆகாது. இதை வழங்க குருவால் மட்டுமே முடியும். புனித வாரத்தையொட்டி ஆயர் மந்திரிக்கும் எண்ணெயே பொதுவாக இதற்குப் பயன்படுகிறது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்த 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இசைவளித்தார். எனவே, கடும் நோய்க்காக அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடனேயே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.