இருட்டில் நிற்கிறவன்

மைனி போன் செய்தார்கள். எட்டு வயசுப் பையன் ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறானாம், டாக்டரிடம் காட்டணுமோ என்று கேட்டார்கள். தூக்கம் கெட்டு, பகலிலும் பயம் விடவில்லை என்றால் காட்டத்தான் வேண்டும். மற்றபடி இது நோய் இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இருட்டு என்றைக்குமே காலியாக இருந்ததில்லை. பனையில் காவோலை உரசினால் முனி. விளைக்குள், அதாவது தோப்புக்குள், ஒற்றை விளக்கு தெரிந்தால் இசக்கியம்மன். கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாமத்தில், காவல் தெய்வமான சுடலைமாடன் அருள் வந்து ஆடுகிற சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்குக் கிளம்புவார், எதிரே ஆள் வரக்கூடாது. பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குள் போர்வைக்கு அடியில். அதுவரை முழங்கிய மேளம் சட்டென்று நிற்கும். சலங்கைச் சத்தம் மட்டும் தெருவைக் கடந்து போகும். கண்ணால் எதையும் பார்த்ததில்லை. ஆனால் மாடனின் மீசை எவ்வளவு நீளம் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்போம்.

இதற்குக் கண்ணும் உடந்தை. இருட்டுக்கு அது முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது, சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் ஓரக்கண்ணுக்குத் தெரிகிற உருவம், நேராகத் திரும்பிப் பார்த்தால் மறைந்துவிடும். பேய் வேறு எப்படி நடந்துகொள்ளும், சொல்லுங்கள்! மிச்சத்தை மனசு வரைந்துகொள்கிறது, கொடியில் கிடக்கிற வேட்டிக்குக் கை கால் முளைக்கிறது.

அந்த மனசிடம் போய் "ஒண்ணுமில்லல, போல" என்றால் எடுபடாது. எங்கள் ஆச்சி அப்படிச் சொன்னதே இல்லை. நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, "மாடன்தாம்ல நிக்கான், நம்ம வீட்டுக்குக் காவல்லா" என்பாள். பயமுறுத்துகிறவனே காவலுக்கும் நின்றுவிடுவான். வில்லுப்பாட்டில் சுடலை பிறப்பதே விளக்கில்தான். பார்வதி முந்தானையில் ஏந்திய சுடர் அவன். இருட்டுக்கு உரிய சாமியை வெளிச்சத்திலிருந்து பிறக்க வைத்தவர்களுக்குப் பிள்ளை மனசு தெரிந்திருக்கிறது.

எனக்குக் கோபமெல்லாம் சோறு இறங்க வேண்டும் என்பதற்காகப் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறவர்கள் மேல்தான். சாயங்காலம் நாமே ஆளை வரவழைத்துவிட்டு, ராத்திரி அப்படி யாரும் இல்லை என்றால் பிள்ளை எதை நம்பும்?

அதனால் மைனி, அங்கே நிற்கிறவன் எப்படி இருக்கிறான், என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று பையனிடமே கேளுங்கள். ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள், பேரும் அவனே வைக்கட்டும். அப்புறம், பாத்ரூம் பக்கம் ஒரு ஸீரோ வாட் பல்பு போடச் சொல்லி அண்ணனிடம் சொல்லுங்கள். கரண்ட் பில் ஒன்றும் ஏறிவிடாது.