'மற்றும் பலர்' வேண்டாம்

விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் கலை விழா நடத்துகிறோம். தெருக்கூத்து, பறையாட்டம், கவியரங்கம், பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம். பெரிய பணம் கிடையாது. கடைக்காரர்களும் ஆசிரியர்களும் கொடுக்கிற நன்கொடை, அதற்கு மேல் நாற்பது ஐம்பது பேரின் உழைப்பு. இன்றைக்கு அந்த நாற்பது ஐம்பது பேரைப் பற்றி எழுத வேண்டும். இலக்கிய அமைப்பு, நாடகக் குழு, புத்தகக் கண்காட்சி என்று நடத்துகிற நண்பர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. முதல் நாள் ராத்திரி கூத்து. சாயங்காலமே குழு வேனில் வந்து இறங்கிவிட்டது. வேஷம் கட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கியிருந்தோம். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி, யாரும் சொல்லாமலே அந்த அறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் கதவோரம். உடனே நீள ஒயர் போட்டு ஒரு பல்பு கொண்டுவந்து மாட்டினார். கூத்து வாத்தியாரிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டார். அரிதாரம் குழைக்கத் தேங்காய் எண்ணெய், துடைக்கப் பழைய வேட்டியைக் கிழித்த துணி, விடிந்ததும் முகம் கழுவ ஒரு அண்டா வெந்நீர். கண்ணாடிதான் இல்லை. தன் கடையில் ஆள் உயரத்துக்கு இருந்த கண்ணாடியை இரண்டு பையன்களை வைத்துத் தூக்கி வரச் சொல்லி, சுவரில் சாய்த்து வைத்தார். கர்ணன் வேஷக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து கிரீடம் கட்டிக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிரீடத்தில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளில் பல்பு வெளிச்சம் பட்டு அறை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆடியது. ராத்திரி மூன்று மணிக்குக் கட்டங்காப்பி வந்தது. அதுவும் அவர் கொடுத்து அனுப்பியதுதான்.

மறுநாள் நிறைவு விழாவில் நன்றியுரை சொன்னது நான். தலைமை தாங்கியவர், சிறப்பு விருந்தினர், நன்கொடையாளர்கள், பந்தல்காரர், மைக் செட்காரர் எல்லாருக்கும் பெயர் சொல்லிப் பொன்னாடை போர்த்தினோம். கடைசியில் நேரமாகிவிட்டது. "இன்னும் உழைத்த இளைஞர்கள் மற்றும் பலருக்கும்" என்று சொல்லி முடித்தேன். அந்தத் தங்கச்சி அப்போது பந்தலுக்குப் பின்னால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போக லோடு ஆட்டோவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து இறங்கிய பிறகுதான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் அவர் வரவில்லை. "கடையில வேலைண்ணா" என்றார். ராத்திரி வாத்தியார் கண்ணாடி எங்கே என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வேஷக்காரர்கள் செல்போன் திரையைப் பார்த்து அரிதாரம் பூசினார்கள். கூத்து ஒன்றரை மணி நேரம் தாமதம். வாத்தியார் கோபப்படவில்லை. "போன வருஷம் ஒரு பொண்ணு இருந்துச்சே, அது எங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இது: "மேடையில பேர் சொல்லலேன்னு வருத்தம் இல்லண்ணா. கண்ணாடி மூலையில விரிசல் விட்டுடுச்சு. அது யாரோடதுன்னு கூட யாரும் கேக்கல."

தன்னார்வலர்களுக்கு மரியாதை என்றால் நமக்கு உடனே பொன்னாடையும் நினைவுப் பரிசும்தான் ஞாபகம் வருகின்றன. பிரச்சினை அங்கே இல்லை. யார் என்ன வேலை செய்தார், அதற்குத் தன் கையிலிருந்து என்ன போட்டார் என்பதே அமைப்புக்குத் தெரியவில்லை. தெரியாததை எப்படிப் பாராட்ட முடியும்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'பலர்'.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். நாம் கொடுத்தவை, அக்கன் (அக்காள் குந்தவை) கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜனின் ஆணை. அங்கேயும் 'மற்றும்' வருகிறது. ஆனால் அந்த 'மற்றும்' அதோடு நிற்கவில்லை. அந்த மற்றவர்கள் யார், எந்த ஊர், என்ன பொறுப்பில் இருந்தார், கொடுத்த நகையின் எடை என்ன என்பது வரை பின்னால் வருகிறது. கோயிலில் ஆடல் பாடலுக்கு இருந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் எந்தச் சிறகில் (தெருவின் வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், அவர் பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்று தனித்தனி வரி இருக்கிறது. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல் (கலம் என்பது பழைய முகத்தல் அளவு). அவர்கள் தன்னார்வலர்கள் இல்லை, கோயில் வேலைக்குக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்கள். மன்னர் பெருமை பேசவும் இதைச் சொல்லவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உளியை வைத்துக்கொண்டு 400 பேரை எழுத முடிந்திருக்கிறது. நம்மிடம் நாற்பது பேரை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

நம் காலத்து உதாரணமும் ஒன்று உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்நின்று நடத்தியது. சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், பாரதி என்று உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அதில் ஏதாவது ஒரு நூலைத் திறந்தால் பாட்டுக்கு முன்னால் ஒரு முகப்புப் பக்கம் வரும். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், மூலப் பிரதி கொடுத்தவர் யார் என்று வேலையைச் சொல்லிப் பெயர் இருக்கும். கோப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பகிரலாம், அந்த முகப்புப் பக்கத்தை மட்டும் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. காசு கேட்கவில்லை, பெயரை அழிக்காதே என்று மட்டும் கேட்டார்கள். நான் பலமுறை அந்தப் பக்கத்தைத் தாண்டி நேராகப் பாட்டுக்குப் போனவன். இப்போது நின்று படிக்கிறேன். மெய்ப்புப் பார்த்தவர் தனி ஆளாக அங்கே இருக்கிறார், 'பலரில்' ஒருவராக இல்லை.

அந்தக் கூத்து ராத்திரிக்குப் பிறகு நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே வேலையை எழுதிவிடுகிறோம். 'விழாக் குழுவுக்கு உதவி' என்று பொதுவாக எழுதுவதில்லை. 'சனிக்கிழமை ராத்திரி ஏழிலிருந்து ஒரு மணி வரை வேஷம் கட்டும் இடம்' என்று எழுதி, நேரே ஒரு பெயர். அவருக்கு மாற்று ஆள் யார், அவர் யாரைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். முன்பெல்லாம் ஒரு பையனை நான்கு நிர்வாகிகள் நான்கு பக்கம் ஏவுவார்கள், ராத்திரி பத்து மணிக்கு அவன் அழுகிற நிலையில் நிற்பான். இப்போது ஒருவர் சொன்னால் போதும். கைக்காசு போட்டவருக்கு அன்றைக்கே கணக்குத் தீர்க்கிறோம். பொருள் கொடுத்தவருக்கு என்ன நிலையில் வாங்கினோம் என்று குறித்து வைக்கிறோம். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். தாமதமாகத்தான், ஆனாலும் கொடுத்தோம்.

சாப்பாடு பெரிய விஷயம். பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது சாம்பாரில் தண்ணீர்தான் மிச்சம் இருக்கும். இப்போது முதல் பந்தி அவர்களுக்கு. விருந்தினர் பத்து நிமிஷம் காத்திருக்கட்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு நாளும் வாசலில் நின்ற பிள்ளை ஒரு நிகழ்ச்சி கூடப் பார்த்திருக்காது. பாட்டும் கூத்தும் பிடிக்கும் என்றுதானே வந்தது? அதனால் ஒவ்வொருவரும் தான் பார்க்க விரும்பும் நிகழ்ச்சியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த நேரத்தில் அவருக்கு வேலை கிடையாது. எங்கள் விழாவில் அதிகம் பேசப்பட்ட மாற்றம் இதுதான். பொன்னாடையை யாரும் விசாரிக்கவில்லை.

நன்றி சொல்வதை நிறைவு விழாவிலிருந்து எடுத்து, முதல் நாள் கூட்டம் நிறைந்திருக்கும்போது வைத்தோம். வேலையோடு பெயர் படிக்கிறோம். ஏழு எட்டு நிமிஷம் ஆகிறது. இழுக்கிறது என்று சில பேர் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் அறிமுகத்தை நாம் பதினைந்து நிமிஷம் படிக்கிறோம், அதை யாரும் இழுவை என்று சொல்வதில்லை. கல்லூரியிலிருந்து என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் கணக்கு வேண்டும். சான்றிதழில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று ஒரே அச்சு அடித்துக் கொடுக்காமல், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று கையால் எழுதித் தருகிறோம்.

சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நோட்டுப் போட்ட பிறகுதான் எங்கள் கண்ணிலேயே பட்டது. மைக், லைட், மேடை என்றால் ஆண்களின் பெயர். சந்தனம், பன்னீர், வரவேற்பு என்றால் பெண்களின் பெயர். எச்சில் இலை எடுக்க, மைதானம் கூட்ட யார் பெயர் வந்தது என்று பார்த்தால், ஊரின் எந்தப் பகுதிப் பிள்ளைகள் என்பதும் தெரிந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் முற்போக்கு பேசும் மேடைக்குக் கீழேயே அது நடந்துகொண்டிருந்தது. இப்போது இலை எடுக்கும் வரியில் முதல் பெயர் தலைவர், இரண்டாவது நான், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று குழுவில் முடிவு எடுத்திருக்கிறோம்.

அதேபோல், பம்பைக்காரருக்கும் பறையிசைக் குழுவுக்கும் 'கலைக்காக ஒரு சேவை' என்று சொல்லிக் கூலியைக் குறைக்கக் கூடாது. அது அவர்கள் தொழில். மனம் இருந்து வருகிறவர் தன்னார்வலர். கூலி கொடுக்க மனமில்லாமல் நாம் அந்தப் பெயரை இன்னொருவர் மேல் ஒட்டினால் அது திருட்டு.

இந்த வருஷக் கூத்து மாசியில். நோட்டில் 'வேஷம் கட்டும் இடம்' என்ற வரிக்கு நேரே இன்னும் பெயர் எழுதவில்லை. அந்தத் தங்கச்சியிடம் கேட்டிருக்கிறேன். நாத்தனார் வீட்டுக் கல்யாணம் அந்த வாரமா அடுத்த வாரமா என்று தெரியவில்லையாம், தேதி பார்த்துச் சொல்கிறேன் என்றார்.