பார்மேனியன் கொலையை ஒரே வரியில் கடந்துவிட முடியாது

மாவீரன் அலெக்சாண்டரின் அறச்சரிவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸின் அரண்மனை எரிந்ததிலிருந்தே தொடங்குகிறார்கள். அதே கி.மு. 330-இல் சில மாதங்கள் கழித்து நடந்த, அவருடைய மூத்த தளபதி பார்மேனியனின் கொலையே அந்தச் சரிவின் உண்மையான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முன் அவர் கருணையே உருவானவராக இருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கியவரும், டயர் நகர மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்றவரும் அவர்தான். ஆயினும் அவையெல்லாம் எதிர்த்து நின்றவர்களுக்கு இழைத்த கொடுமைகள்.

பார்மேனியனோ அலெக்சாண்டரின் தந்தை பிலிப் காலத்திலிருந்தே மாசிடோனியப் படையின் தூணாக இருந்தவர். பாரசீகர்களுக்கு எதிரான இஸ்ஸஸ், காவ்கமேலா போர்களில் இடப்பக்க அணியைத் தாங்கி நின்றவர். இந்தப் பாரசீகப் படையெடுப்பின்போது ஹெக்டர், நிகானோர் என்ற இரண்டு மகன்களை ஏற்கெனவே இழந்திருந்தார். எஞ்சியிருந்த மகன் பிலோட்டஸ், தன் காதுக்கு எட்டிய ஒரு சதிச்செய்தியை மன்னரிடம் தெரிவிக்கவில்லை என்பதற்காக விசாரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அப்போது தொலைவில், எக்பட்டானா நகரில் இருந்த தந்தை பார்மேனியன் மீது எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை. மகனை இழந்தவர் படையைத் திருப்பிவிடுவாரோ என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. செய்தி அவரை எட்டுவதற்குள் விரைவு ஒட்டகங்களில் ஆள் அனுப்பப்பட்டது. வந்த கடிதங்களை அந்த எழுபது வயது முதியவர் படித்துக்கொண்டிருந்தபோதே அவரைக் குத்திக் கொன்றார்கள்.

கி.மு. 328-இல், இன்றைய சமர்கண்டில் நடந்த ஒரு மதுவிருந்தில், கிரானிக்கஸ் போரில் தன் தலைக்கு ஓங்கப்பட்ட வாளிலிருந்து தன்னைக் காத்த தளபதி கிளைட்டஸையே அலெக்சாண்டர் ஈட்டியால் குத்திக் கொன்றார். பிலிப்பின் புகழையும் படைவீரர்களின் உழைப்பையும் மறக்கலாகாது என்று வாதாடியதே கிளைட்டஸ் செய்த பிழை. கொன்றபின் அலெக்சாண்டர் உணவையும் வெறுத்து நாள்கணக்கில் அழுதார். அந்தத் துயரம் உண்மையானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் தேற்ற வந்த தத்துவவாதி அனக்சார்க்கஸ், மன்னன் செய்வதெல்லாம் நியாயமே என்று சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். என்னால் மன்னிக்க முடியாதது அதுதான். திருந்துவதற்குக் கிடைத்த வாய்ப்பை அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கைவிட்டார்.

மறு ஆண்டே, தன் முன் விழுந்து வணங்கும் பாரசீக வழக்கத்தை மாசிடோனியர்கள் மீதும் அவர் திணிக்க முயன்றார். அவருடைய புகழை எழுதுவதற்காகவே உடன் சென்றிருந்த, அரிஸ்டாட்டிலின் உறவினரான கலிஸ்தனிஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். சிறிது காலத்தில் வேறொரு சதி வழக்கில் சேர்க்கப்பட்டுக் கைதான அவர் உயிரோடு மீளவில்லை.