மாடு செத்த அன்று யார் வந்து நிற்கிறார்கள்?

2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. அருகிலேயே ஒரு மாட்டின் உடல். அதில் விஷம் இருந்தது. புலி அடித்துப் போட்ட தன் மாட்டில் விஷம் வைத்ததாக மாட்டுக்காரரைக் கைது செய்தார்கள்.

படுபாவி என்று ஒரு கூட்டம் திட்டியது. அவர் பிழைப்புக்கு யார் பதில் சொல்வது என்று இன்னொரு கூட்டம் கேட்டது. அவர் செய்தது குற்றம், அதில் பேச்சே இல்லை. ஆனால் என் மனம் வேறோர் இடத்தில் போய் நின்றது. மாடு செத்ததற்கும் விஷம் வைத்ததற்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருந்திருக்கும் அல்லவா? புலி அடித்த இரையை ஒரே மூச்சில் தின்று தீர்க்காது. கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும், மறுபடி வரும். விஷம் வைக்க நினைப்பவருக்கு அந்த இடைவெளிதான் வசதி. புலியைக் காப்பாற்ற நினைப்பவருக்கும் அதே இடைவெளிதான் இருக்கிறது. புலிகள் காப்பக நிர்வாகம் என்றால் என்ன என்று கேட்டால், அந்தச் சில மணி நேரத்தைத்தான் நான் சொல்வேன். அவலாஞ்சி என்ற ஊர் புலிகள் காப்பகத்துக்கு வெளியே இருக்கிறது, சரி. காப்பகத்துக்குள் பெருகும் புலி வெளியேதானே இடம் தேடிப் போகும்?

சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய தாளவாடி பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம். அவர்களுடைய கறவை மாட்டைச் சிறுத்தை அடித்துவிட்டது. இழப்பீடு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. ஆள் வந்து பார்த்து, கால்நடை மருத்துவர் சான்று கொடுத்து, கோப்பு மேலே போய்க் கீழே வந்து, பணம் கைக்கு வருவதற்குள் மாடு வாங்கிய கடனுக்கு ஐந்து தவணை கட்டி முடித்திருந்தார்கள். இல்லாத மாட்டுக்குத் தவணை. அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டில் காட்டைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை இருக்க வேண்டும் என்பது சட்டம். சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் கட்டணம் அதற்குத்தான் போகிறது. அந்தப் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்: மாடு செத்த மறுநாளுக்குள் முன்பணம். கோப்பு பிறகு தன் வேகத்தில் நகரட்டும்.

தமிழ்நாட்டில் 2006 கணக்கெடுப்பில் 76 புலிகள். 2022இல் 306. இது பெரிய சாதனை, எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு. ஆனால் இந்தச் சாதனையை யார் காலால் நடந்து செய்தார்கள்? முகாமில் தங்கி, ரோந்து போய், கண்ணி வலைகளைத் தேடி அகற்றும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் பழங்குடியினர். பலருக்குத் தொகுப்பூதியம்தான். 2021இல் நீலகிரி மசினகுடியில், டி23 என்று வனத்துறை எண் கொடுத்த புலியைத் தேடியபோது ட்ரோன், கும்கி யானை, மோப்ப நாய் எல்லாம் இருந்தன. கால்தடம் பார்க்கத் தெரிந்த குறும்பர் பழங்குடியினரும் கூடவே நடந்தார்கள். 21 நாள் தேடி உயிரோடு பிடித்தார்கள். நாலு பேர் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட ஒரு புலியை உயிரோடு பிடிக்க, அதே காட்டின் மக்கள் முன்னே போனார்கள்.

அவர்களைத்தான் காட்டுக்குச் சுமை என்று பார்க்கிறோம். 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. புலிகள் காப்பகங்களின் உள்மண்டலத்தில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்லி, இடமாற்றத்தை முன்னுரிமை கொடுத்து முடிக்கச் சொன்னது. 2006இல் திருத்திய வனவிலங்குச் சட்டமும், அதே ஆண்டின் வன உரிமைச் சட்டமும் சொல்வது என்ன? முதலில் உரிமையை அங்கீகரி, கிராம சபையின் சம்மதம் வாங்கு, அதன் பிறகுதான் இடமாற்றம், அதுவும் விருப்பத்தின் பேரில்.

நான் இடமாற்றத்துக்கே எதிரி இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இரவில் யானை பயம் இல்லாத ஒரு தெரு வேண்டும் என்று வெளியேறத் தயாராக இருக்கும் குடும்பங்கள் உண்டு. இடம்பெயரும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற திட்டம் அவர்களுக்கு உதவட்டும். ஆனால் பல வருடம் ரோடு போடாமல், கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, "போக விருப்பமா?" என்று கேட்டு வாங்கும் தலையாட்டல் சம்மதமாகுமா?

ஆனைமலையில் கல்லார் என்ற ஊரின் காடர் பழங்குடியினருக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. 2019 மண்சரிவில் வீடு போனது. தங்கள் காட்டுக்குள்ளேயே பாதுகாப்பான மேட்டில், தெப்பக்குள மேட்டில், குடியேற இடம் கேட்டார்கள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் தங்க வைத்தார்கள். போராடி, 2021இல்தான் நிலம் கைக்கு வந்தது. காட்டை விட்டுப் போ என்பதற்கு இருக்கும் அவசரம், காட்டுக்குள் கொஞ்சம் தள்ளி இருந்துகொள் என்பதற்கு ஏன் இல்லை?

சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினருக்கு 2011இல் சமூக வன உரிமை, அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தவும் பராமரிக்கவும் உள்ள உரிமை, கிடைத்தது. அதனால் அங்கே புலி இல்லாமல் போய்விடவில்லை. அவர்கள் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னதாக நெருப்பு வைப்பார்களாம். 'தரகு பெங்கி' என்று பெயர். அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி என்ற அந்நியக் களைச்செடி (லாண்டானா) காடு முழுக்கப் பரவியது என்கிறார்கள். உண்ணிச்செடி மூடினால் புல் போகும், புல் போனால் மான் போகும், மான் போனால் புலி மாட்டைத் தேடி வரும். இந்தக் கணக்கைக் காப்பகத்தின் மேலாண்மைத் திட்டம் எழுதும்போதே கிராம சபையோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம். இப்போது இயந்திரம் வைத்துச் செடியைப் பிடுங்குகிறோம்.

போன மாதம் அந்தத் தாளவாடி வீட்டுக்குப் போயிருந்தேன். இன்னொரு தடவை சிறுத்தையைப் பார்த்தால் முதலில் யாருக்குச் சொல்வீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எங்க தம்பி மகன் வாட்ச்சரா இருக்கான்ல, அவனுக்குத்தான் போன் போடுவேன் தம்பி. அவன் எந்நேரமானாலும் வந்துருவான்."

அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. இன்னும் தொகுப்பூதியம்தான்.