சுவரைப் பாருங்கள், அறைகளை எண்ணாதீர்கள்

நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில், ரயில்வேயில் பெரும்பணம் சேர்த்த வாண்டர்பில்ட் குடும்பத்தார் கட்டிய மாளிகைகளின் பழைய படங்களைப் பகிர்கிறவர்கள் எல்லாரும் அறைகளைத்தான் எண்ணுகிறார்கள். முகப்புக் கல்லைப் பாருங்கள் என்பேன். அந்தக் காலத்துப் பணம் எப்படி யோசித்தது என்பது அதில் இருக்கிறது.

1880 வாக்கில் அந்த ஊரில் வசதியான வீடு என்றால் பிரவுன்ஸ்டோன். பெரும்பாலும் கனெக்டிகட் மாநிலத்துப் போர்ட்லாண்டில் வெட்டிய செம்பழுப்பு மணற்கல். வீடே கல்லால் எழும்பியது போலத் தெரியும், உள்ளே செங்கல்தான். கல் பெரும்பாலும் 4 முதல் 6 அங்குலப் பலகை, அவ்வளவே.

மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்தது. பூமிக்குள் படுத்திருந்த வாக்கிலேயே சுவரில் வைத்தால் மேல்பாரம் அடுக்குகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடுக்கோடு பிளந்தால் பெரிய பலகை சுலபமாகக் கிடைக்குமே! அதை நிமிர்த்தி, அடுக்கின் முகம் தெருவைப் பார்க்க ஒட்டினார்கள். மழைநீர் இறங்கும், குளிரில் உறைந்து பருக்கும், மேலடுக்கு அப்பளம் போல எழும்பி உரியும். வெட்டியெடுத்த கல்லை ஈரம் காய ஆறப்போடாத அவசரம் வேறு.

குடும்பத் தலைவர் வில்லியம் ஹென்றி வாண்டர்பில்ட்டே பிரவுன்ஸ்டோனில்தான் கட்டினார். அதே ஆண்டுகளில், அதே தெருவில், மகன் வில்லியம் கே.வுக்குக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மாரிஸ் ஹண்ட் எழுப்பிய வீடு வெளிர் இண்டியானா சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் பிளவு வாக்கு கிடையாது. எந்தப் பக்கமும் உளி ஓடும். பிரெஞ்சுக் கோட்டைகளின் நுண்செதுக்கலை ஹண்ட் துணிந்து எடுக்க இந்தக் கல் இடம் கொடுத்தது. பிறகு செல்வர்கள் பழுப்பை விட்டு வெளிர்கல்லுக்கு மாறினார்கள்.

நல்ல கல்லும் அந்த மாளிகைகளைக் காப்பாற்றவில்லை. நிலத்தின் விலை வீட்டை விழுங்கியது. 57ஆம் தெருவிலிருந்து 58ஆம் தெரு வரை நீண்ட, வில்லியம் ஹென்றியின் இன்னொரு மகன் இரண்டாம் கார்னீலியஸின் மாளிகையை 1920களில் இடித்தார்கள். அங்கே இப்போது பெர்க்டார்ஃப் குட்மன் கடை. மாளிகையின் இரும்பு வாயிற்கதவு 105ஆம் தெருவருகே, சென்ட்ரல் பார்க்கில் நிற்கிறது.

மிஞ்சியவை நடுத்தர வசதிக்காரர்களின் பிரவுன்ஸ்டோன் வரிசை வீடுகள். அவற்றையாவது ஒழுங்காகப் பழுதுபாருங்கள் என்பதே என் ஆதங்கம். சுத்தியலால் மெல்லத் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை நல்ல கல் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். ஓரத்தை உட்சாய்வாக வெட்டி, பிடிமானத்துக்குத் துளையிட்டு, நனைத்து, முதலில் சொரசொரப்புப் பூச்சு. அது இறுகிய பிறகு நிறம் சேர்த்த இறுதிப் பூச்சு. கல்லைவிடக் கெட்டியான சிமெண்டைப் பூசி மேலே பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியிருக்காது. பூச்சு விழும்போது கல்லையும் பிய்த்துக்கொண்டுதான் விழும்.