அரசு விழாவில் ஒரு ஒப்பாரி

போரில் வீழ்ந்த டிராய் நகரப் பெண்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்படுவதைச் சொல்லும் 'டிரோஜன் பெண்கள்' நாடகத்தை, பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸ் எழுதியதை, அரசுக்கு எதிரான கலகக் குரல் என்கிறது உங்கள் கட்டுரை. பாதிதான் சரி. கிமு 415-இல் அது மேடையேறியதே ஏதென்ஸ் அரசு டயோனிசஸ் கடவுளுக்கு நடத்திய விழாவில். நாடகத்தில் பாடி ஆடும் கோரஸ் குழுவின் செலவு ஒரு பணக்காரக் குடிமகன் தலையில், அதுவும் அரசு சுமத்திய கடமையாக. நாடகங்களுக்கு முன் நட்பு நகரங்கள் கட்டிய கப்பத்தை அரங்கில் கொண்டுவந்து காட்டுவார்கள். போரில் தந்தையை இழந்து அரசு செலவில் வளர்ந்த பையன்கள் கவசம் பூண்டு அணிவகுப்பார்கள். அதே இடத்தில்தான் டிராயின் அரசி ஹெக்யூபா பேரனின் பிணத்தை அவன் அப்பாவின் கேடயத்தில் கிடத்தி ஒப்பாரி வைக்கிறாள். (நடித்தவர் முகமூடி போட்ட ஆண்தான், அது வேறு விஷயம்.)

மேலோஸ் தீவின் ஆண்களை ஏதென்ஸ் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பார்த்துதான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. எழுத அவகாசம் போதாது என்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பார்த்தவர்களுக்கு மேலோஸ் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? கிடைத்தது இரண்டாம் பரிசு.

அப்புறம் தழுவல்கள். பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் 1965-இல் செய்ததைப் பாராட்டியிருக்கிறீர்கள். எனக்கு அதில் காலனிய எதிர்ப்புக் கருத்து பாத்திரங்களை முந்திக்கொண்டு பேசுவதாகப் படுகிறது. 2013-இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் சிரிய அகதிப் பெண்களே இதை நடித்தார்கள், தங்கள் சொந்தக் கதைகளையும் கலந்து. அதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!