மஞ்சள் இருக்கட்டும் சித்தி, முதலில் குழாயைத் திறங்கள்

போன தீபாவளிக்கு முந்திய வாரம், ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் சித்தியோடு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டுவிட்டது. நான் குழாயை எட்டுவதற்குள் சித்தி மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து அப்பிவிட்டார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ கிச்சாப் (சோயா சாஸ்) பாட்டிலோடு ஓடி வந்தார் (பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதா என்ன, கிச்சாப், பற்பசை, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் நமக்கு மருந்துதானே). மறுநாள் கிளினிக்கில் அந்த மஞ்சளைக் கழுவி எடுத்தபோதுதான் நான் அழுதேன், சுட்டபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. மஞ்சள் பூசியிருந்ததால் காயம் எவ்வளவு ஆழம் என்றே டாக்டருக்குத் தெரியவில்லை.

இதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் சொன்னால், மூலிகைச் சாறு கிருமியைக் கொல்வது ஆய்வுக்கூடத்தில் நிரூபணமாகிவிட்டது என்று ஒரு ஃபார்வர்ட் வருகிறது.

கொல்லும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்படிச் சோதிக்கிறார்கள்? கிருமி வளர்க்கும் அகர் தட்டில் கிருமியைப் பரப்பி, சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லையை அதன்மேல் வைத்து, ஓர் இரவு கழித்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். துணி வெளுக்கிற குளோரோக்ஸில் நனைத்து வைத்தாலும் வட்டம் விழும், அதற்காகப் புண்ணில் ஊற்றிக்கொள்வோமா? அதோடு அந்தச் சாறு நம் அம்மியில் அரைத்த இலை இல்லை, பெரும்பாலும் எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து வடித்து, காயவைத்து, அளந்து எடுத்தது. நம் தொட்டி இலையில் மண்ணும் மண்ணிலுள்ள கிருமியும் சேர்ந்தே வரும். தீக்காயத்தில் குடியேறுகிற சூடோமோனாஸ் மாதிரியான கிருமிகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, பல தாவரச் சாறுகள் அதைத் தாண்டவே திணறும்.

தேன் விஷயம் வேறு. பல மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஆழம் குறைந்த தீக்காயங்களைச் சில வழக்கமான கட்டுகளைவிடத் தேன் 4–5 நாள் முன்னதாகவே ஆற்றியிருக்கிறது. சர்க்கரை கிருமியின் நீரை உறிஞ்சிவிடுகிறது, புளிப்புத்தன்மை வேறு, தேனீ சேர்த்த நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. ஆனால் மருத்துவமனையில் தடவுகிற தேனைக் காமாக் கதிரால் சுத்தம் செய்திருப்பார்கள், ஏனென்றால் சாதாரணத் தேனில் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயின் கிருமி வித்துகள் இருக்கலாம். வல்லாரையிலும் சரக்கு இருக்கிறது, அதிலுள்ள ஏசியாடிகோசைடு என்ற பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் உருவாகத் தூண்டுகிறது.

ஆங்கில மருந்து என்றாலே சரி என்றும் சொல்ல மாட்டேன். 1960களிலிருந்து தீக்காயத்துக்குப் பூசிவரும் வெள்ளி கலந்த வெள்ளைக் களிம்பு, ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று இப்போது சொல்கிறார்கள். அதையும் சோதித்துப் பார்த்ததால்தானே தெரிந்தது? அதே சோதனையை நம் குப்பைமேனிக்கும் செய்யுங்கள் என்றால் ஏன் கோபம் வருகிறது, பாட்டியைத் திட்டிய மாதிரி?

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் பச்சை எண்ணெய் விற்கிறார், எல்லாப் புண்ணுக்கும் ஒரே பாட்டிலாம். மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்குத் தருகிற, மால் (MAL) என்று தொடங்கி டி-யில் (T) முடியும் பதிவு எண் எங்கே என்று கேட்டேன். இது பரம்பரை மருந்து, நம்பர் எல்லாம் கிடையாது என்றார்.

இந்த வருஷமும் முறுக்கு உண்டு. சித்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: சுட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம், ஐஸ் வேண்டாம், அப்புறம் சுத்தமான துணி. கொப்புளம் உள்ளங்கைக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ குழந்தைக்கோ பட்டாலோ நேரே மருத்துவமனை. "இருபது நிமிஷமா? தண்ணி பில் யார் கட்டுவது?" என்றார். நான் கட்டுகிறேன் சித்தி.